மேல்வீட்டில் பதினான்கு பேர்

அழைப்புமணிப் பலகையில் ஒரு பெயர் கூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வினிகரில் நனைத்த துணியால் அந்தப் பித்தளைப் பலகையைத் துடைப்பது வீலாண்ட் ரோடேயின் வழக்கம். துடைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. துடைத்ததற்கு யாரும் நன்றி சொன்னதுமில்லை. ஏழு பொத்தான்கள், ஏழு பெயர்கள். இன்று கடைசிப் பொத்தானுக்கு எதிரே, 'லின்னே' என்பதற்குக் கீழே 'ஹார்ம்ஸ்' என்று இன்னொரு பெயர். வீட்டு விதிகளில் அவரே வகுத்த எழுத்து, அவரே வகுத்த உயரம், இடது ஓரத்தில் அவரே வகுத்த இடைவெளி. கண்ணாடிக்கு அடியில் ஒரு தூசிகூட இல்லாமல் செருகப்பட்டிருந்தது. அந்தக் கண்ணாடியைத் திறக்கும் குட்டிச் சாவி உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது ரோடேயின் சட்டைப்பையில் இருந்தது.

குடியிருப்போர் பதிவு அலுவலகத்தின் முகப்பு மேசையில் முப்பத்தேழு ஆண்டுகள் கோணல்களைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர் அவர். அந்தப் பெயர்ச் சீட்டிலும் ஒரு கோணலைத் தேடினார். கிடைக்கவில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் மெல்லிய பாராட்டு ஒன்று வந்தது.

வடகடலிலிருந்து காற்று வீசியது. துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஒருமுறை ஊதிவிட்டு நிறுத்திக்கொண்டது. ரோடே அந்தப் பெயரையும் சேர்த்துத் துடைத்தார்.

அந்தக் கட்டடத்தில் அவருக்கு இரண்டு வீடுகள். மூன்றாம் மாடியில் அவர் குடியிருந்தார். அதற்கு மேலே, கூரைச் சரிவுக்கு அடியில், இருபத்தெட்டு சதுர மீட்டரில் ஒரு சின்ன மேல்வீடு. கோடையில் அதை வாடகைக்கு விட விளம்பரம் கொடுத்தபோது பதினொரு ஆவணங்கள் கேட்டிருந்தார். ஆறு பேர் விளம்பரத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், நான்கு பேர் திட்டியிருப்பார்கள். எவர்ட் லின்னே மட்டும் பதினொன்றையும் அனுப்பினார், ரோடே கேட்டிருந்த அதே வரிசையில். அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரரின் நற்சான்று, இன்னும் என்னென்னவோ. நற்சான்றில் ஒரு கமாகூட இடம் மாறியிருக்கவில்லை.

எல்லாம் மின்னஞ்சலில் வந்தவை. ஆனால் ரோடே திரையை நம்புகிற ஆளில்லை. போலி ஆவணத்தைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. அலுவலகத்தில் அதற்குப் புகழும் உண்டு. காகிதத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டுவார். நல்ல காகிதம் பொய் சொல்லாது என்பது அவருடைய கொள்கை. எனவே பதினொரு கோப்புகளையும் தன் பிரிண்டரில், தன் அலமாரியிலிருந்த உயர்தரத் தாளில் அச்சடித்தார். பிறகு ஒவ்வொன்றின் மேலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். காகிதம் அருமையாக இருந்தது. லின்னே தேறிவிட்டார்.

ஆளை நேரில் பார்க்க வேண்டுமென்று ரோடேவுக்குத் தோன்றவில்லை. முப்பத்தேழு ஆண்டுகளில் அவர் கண்ட உண்மை, நன்றாக இருக்கும் ஆவணங்களை ஆட்கள் வந்துதான் கெடுக்கிறார்கள் என்பது. இருமுவார்கள், குழந்தையைக் கூட்டி வருவார்கள், முகவரியை மறந்துபோய் நெற்றியைத் தடவுவார்கள். லின்னே அப்படி எதுவும் செய்யவில்லை. 'இக்காலத்தில் மோசடிகள் பெருகிவிட்டதால், வீட்டின் உரிமையாளர் தாங்கள்தான் என்பதற்கு, தங்கள் அடையாள அட்டையின் இருபுறமும், கையெழுத்து மாதிரியும் அனுப்பிவைத்தால் நிம்மதியாக இருக்கும்' என்று பணிவாக ஒரு வரி எழுதியிருந்தார். ரோடே நெகிழ்ந்துபோனார். தன்னைப்போல் இன்னொருவன்! மிக உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்து அனுப்பினார். சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். லின்னே மேல்வீட்டில் குடியேறியதாக அரசாங்கப் படிவத்தில் கையெழுத்தும் போட்டார்.

அக்டோபர் முடிவதற்குள் அந்தக் கடைசிப் பொத்தானுக்கு எதிரே மட்டும் ஏழு பெயர்களாயின. ஹார்ம்ஸுக்கு மறுநாளும், மற்றவர்களுக்குப் பெயர் ஏறுவதற்கு முன்னாலும், உள்குத்தகைக்கு அனுமதி கேட்டு முறைப்படி ஒரு விண்ணப்பம் வந்தது. ரோடே அச்சடித்தார், விரலை ஓட்டினார், கையெழுத்திட்டார்.

முதல் மாடியில் எடெல்கார்ட் பூஸ் இருந்தாள். மீன் பதப்படுத்தும் ஆலையில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு மாலை குப்பை வாளியோடு அவரைப் படிக்கட்டில் மறித்துக்கொண்டாள்.

"ஹெர் ரோடே, மேல எத்தனை பேரை வெச்சிருக்கீங்க?"

"ஏழு பேர், ஃப்ராவ் பூஸ். எல்லாருமே முறைப்படி பதிவானவங்க."

"அந்தப் பொந்துல ஏழு பேரா? நாங்க மத்தி மீனுக்கே டப்பாவுல இதைவிட இடம் விடுவோம்."

"அவங்க பதிவாகியிருக்காங்கன்னுதான் சொன்னேன். இருக்காங்கன்னு நான் சொல்லலையே."

"அதான் கேக்கறேன். இருக்காங்களா? ஒரு காலடி கேக்கல. ஒரு குழாய் திறக்கல." அவள் மூக்கை மேல்நோக்கித் தூக்கினாள். "நாப்பது வருஷம் மோந்து பாத்தே சோறு தின்னவ நான். மனுஷன் இருந்தா வாசனை வரும். வெங்காயம், சோப்பு, ஈர சாக்ஸ், ஏதாவது ஒண்ணு. மேல ஒண்ணுமே வரல, ஹெர் ரோடே. செத்துப் போனாக்கூட வாசனை வரும்."

"நல்ல குடித்தனக்காரங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க. நீங்க போன வாரம் படிக்கட்டு துடைக்கற முறையைத் தவற விட்டுட்டீங்க. எழுதி வெச்சிருக்கேன்."

"முழங்கால் வலின்னு சொன்னேனே?"

"மருத்துவர் சீட்டு தரலையே."

பூஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். போகும்போது அவள் முணுமுணுத்தது அந்தக் காலத்துக் கப்பல்துறைப் பேச்சு. எழுத முடியாது.

அன்று சாயங்காலம் ரோடே தன் வரவேற்பறையில் முதன்முறையாக மேலே காது கொடுத்தார். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் கொறகொறவென்று ஓடி அடங்கியது. படிக்கட்டின் மெழுகு வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. கீழே யாரோ முட்டைக்கோஸ் வேகவைக்கும் வாடையும் கூடவே வந்தது. கூரையோட்டின் மேல் மழை ஒரே சீராக, தட்டச்சு செய்வதைப்போல விழுந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் நடுவில், அவருடைய தலைக்கு நேர் மேலே, மழைகூடக் கேட்காத ஒரு துண்டு அமைதி இருந்தது. அவர் நாற்காலியைப் போட்டு அதன் மேல் ஏறினார். கன்னத்தை உட்கூரையில் ஒட்டிக் காதை வைத்தார். சாந்து சில்லென்றிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாததற்கு ஒரு கவனம் இருந்தது. அவர் காதை வைத்த அதே இடத்தில், சாந்துக்கு அந்தப் பக்கம், இன்னொரு காது வைக்கப்பட்டிருப்பதைப்போல.

இறங்கிவிட்டார். மேலே போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் வாடகைக்கு விட்ட வீட்டினுள் அறிவிப்பில்லாமல் நுழைய உரிமையாளருக்கு உரிமையில்லை. சட்டத்தை மீறுவதைவிடப் பயப்படுவது மேல் என்று அவர் முடிவு செய்தார்.

அதற்குப் பதிலாகக் கோப்பைத் திறந்தார். ஏழு அடையாள அட்டைகளையும் மேசையில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஆண்கள் நால்வர், பெண்கள் மூவர். ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. முகங்களுக்குப் பின்னால் சாம்பல் நிறச் சுவர். அந்தச் சுவரில் இடது காதுக்கு மேல் மயிரிழைபோல ஒரு விரிசல். ஏழு படங்களிலும் அதே விரிசல்.

அது அவருக்குத் தெரிந்த விரிசல். கோடையில், வாடகைக்கு விடும் முன், மேல்வீட்டுச் சரிவுச் சுவரில் அவரே சாந்து வைத்து அடைத்தது.

லின்னேயின் அட்டையில் வழங்கிய தேதியைப் பார்த்தார். ஆறு வருடங்களுக்கு முந்தையது.

 எழுந்து, பிரிண்டரின் உருளையில் கோடு விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு, அதைக் கழற்றி ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் துடைத்தார்.

நவம்பரில் பெயர்கள் பதினான்காயின. அந்த மாதம்தான் அவருக்குத் தபால் வருவது நின்றது. முதலில் நாளிதழ், பிறகு ஓய்வூதியர் சங்கத்தின் மாத இதழ், பிறகு எல்லாமே. தபால்பெட்டியைத் திறந்தால் உள்ளே தகரத்தின் குளிர் மட்டும் இருந்தது. ஒரு வியாழக்கிழமை ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனார். மருந்துக்கடைப் பெண் அவருடைய காப்பீட்டு அட்டையை இயந்திரத்தில் செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள்.

"இது செல்லாதுங்க. உங்களுக்குப் புது அட்டை கொடுத்தாச்சே."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்." அவள் சிரித்தாள். "அன்னைக்கு வந்தப்பகூட எங்க அம்மா எப்படி இருக்காங்கன்னு விசாரிச்சீங்களே. மறந்துட்டீங்களா?"

ரோடே தன் வாழ்நாளில் யாருடைய அம்மாவைப் பற்றியும் விசாரித்ததில்லை.

பதிவு அலுவலகத்தில் அவர் முதன்முறையாக வரிசை எண் சீட்டு எடுத்தார். ஒன்றேமுக்கால் மணி நேரம் காத்திருந்தார். நாற்காலிகள் இவ்வளவு கடினமானவை என்பதும், அவற்றைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்பதும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தன. மூன்றாம் முகப்பு மேசையில் நெஸ்லிஹான் அக்ஸோய் இருந்தாள். ஒன்பது வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள். இப்போது அவருடைய இடம் அவளுடையது.

"வணக்கம். பேரு சொல்லுங்க."

"ஃப்ராவ் அக்ஸோய், விளையாடாதீங்க."

"பேரு?"

சொன்னார். அவள் தட்டினாள். திரையின் வெளிச்சம் அவள் கன்னத்தில் நீலமாக விழுந்தது.

"வீலாண்ட் ரோடே போன செவ்வாய்க்கிழமை வந்திருந்தாரு. அட்டை தொலைஞ்சு போச்சுன்னாரு. எல்லாக் காகிதமும் ஒழுங்கா இருந்துச்சு. புது ஃபோட்டோ, புதுக் கைரேகை. கொடுத்தாச்சு."

"அது நானில்ல!"

"அது எனக்கும் தெரியுது."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ரோடேயின் முகம். அவருடைய காது, அவருடைய தாடை, புருவத்தின் மேல் அவருடைய மரு. ஒரே ஒரு வித்தியாசம். அது நன்றாகத் தூங்கி எழுந்தவனின் முகம்.

"பிளம்ஸ் கேக் கொண்டு வந்தாரு," என்றாள் அக்ஸோய், தாழ்ந்த குரலில். "ஒன்பது வருஷம் எல்லார் முன்னாடியும் உங்களைத் திரும்பத் திரும்ப எழுத வெச்சேன், மன்னிச்சுடுங்கன்னாரு. நான் அழுதுட்டேன்."

"அவன் போலி! மேல்வீட்டுக்காரன்கிட்ட என் அட்டையை அனுப்பினேன், அதை வெச்சு..."

"தெரியும். இப்பல்லாம் கணினியே ஆளைச் செஞ்சுடுது. இல்லாத முகம், இல்லாத அட்டை, இல்லாத வேலைக்குச் சம்பளச் சீட்டு, எல்லாம் ஒரு காபி குடிக்கறதுக்குள்ள. அதைப் பத்தி இங்க ஒரு பயிற்சி வகுப்பு வெச்சாங்க. நீங்க வரல. கட்டைவிரல் போதும்னீங்க."

"அப்ப விரலை வெச்சுப் பாருங்க!"

அவள் கைரேகைக் கருவியை அவர் பக்கம் நகர்த்தினாள். வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. இன்னொரு கையின் விரல். சிவப்பு. கண்ணாடிப் பரப்பு சூடாக இருந்தது, அவருக்கு முன்னால் யாரோ வெகுநேரம் விரலை வைத்திருந்ததைப்போல.

"இன்னொண்ணும் சொல்லணும். உங்க மேல்வீட்டு முகவரியில பதினாலு பேர். எல்லாரும் வங்கியில கணக்குத் திறந்திருக்காங்க, கார் எடுத்திருக்காங்க. ஒருத்தரும் பிறந்ததா எங்கயும் பதிவில்ல. பதினாலுக்கும் உங்க கையெழுத்து. போலீஸ் அந்தக் கையெழுத்துக்காரனைத் தேடுது." அவள் பேனாவை மூடினாள். "ரோடே முன்னாடியே புகார் கொடுத்துட்டாரு, யாரோ தன் பேர்ல கையெழுத்து போட்டுத் திரியறான்னு. அடையாளம்கூடச் சொல்லியிருக்காரு. அறுபத்தேழு வயசு, சாம்பல் கோட்டு, கொஞ்சம் கத்திப் பேசுவான்னு."

ரோடே வாயைத் திறந்தார். கத்தக்கூடாது என்பது நினைவு வந்து மூடிக்கொண்டார்.

"ஃப்ராவ் அக்ஸோய். என்னை உங்களுக்குத் தெரியும்."

அவள் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் காபி எடுக்கப் போறேன்," என்றாள். "திரும்பி வரும்போது நீங்க இங்க இருந்தா, போலீஸைக் கூப்பிட வேண்டியதா இருக்கும்."

நாலரைக்குத் தெரு முழுதும் இருட்டு. மூடுபனி கடல் பக்கமிருந்து வந்து விளக்குகளைப் பஞ்சில் பொதிந்திருந்தது. பலகையின் முன்னால் நின்றார். மூன்றாம் மாடிப் பொத்தானுக்கு எதிரே 'ரோடே' என்ற பெயர் புதிதாகச் செருகப்பட்டிருந்தது. வாசல் சாவி பூட்டுக்குள் பாதிவரை போய் நின்றது. அண்ணாந்து பார்த்தார். அவர் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. அந்த விளக்கு ஆறு மணிக்கு முன்னால் எரிந்ததேயில்லை.

பூஸின் மணியை அழுத்தினார். அவள் இறங்கி வந்து வாசற்கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். கையில் கேக் தட்டு. அவளிடமிருந்து காப்பியும் கிரீமும் மணத்தன.

"ஃப்ராவ் பூஸ், நல்லவேளை. நீங்க சாட்சி சொன்னாப் போதும். நான்தான் ரோடேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. மேல இருக்கறவன் நானில்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"இருபத்திரண்டு வருஷமா உங்களைத் தெரியும், ஹெர் ரோடே. நூறு பேர்ல நிறுத்தினாலும் காட்டிக் கொடுப்பேன்." அவள் ஒரு வாய் கேக்கை நிதானமாக மென்றாள். "நீங்க இல்லாத நேரமாப் பாத்து அவர் வர ஆரம்பிச்சுப் பத்து நாளாச்சு. என் முறைக்கெல்லாம் அவரே படிக்கட்டைத் துடைக்கறாரு. முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கித் தந்தாரு. இன்னைக்கு எல்லாரையும் காப்பிக்குக் கூப்பிட்டிருக்காரு. இந்தக் கட்டடத்துல யாராவது யாரையாவது காப்பிக்குக் கூப்பிட்டிருக்காங்களா?"

"அவன் மனுஷனே இல்ல!"

"வாசனை வரலதான்." அவள் ஒப்புக்கொண்டாள். "பழகிடும்."

"அப்ப நான் எங்க போறது?"

"மேல இடமிருக்குமே," என்றாள் பூஸ். பலகையைக் கண்ணால் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பார்த்தார். கடைசிப் பொத்தான். பதினான்கு பெயர்கள், பொடி எழுத்தில். கடைசி வரி காலியாக இருந்தது. அளவெடுத்து விட்டதைப்போல.

அழுத்தினார்.

யாரும் 'யார்' என்று கேட்கவில்லை. கதவு மட்டும் ரீங்கரித்துத் திறந்தது.

ஏறினார். மெழுகு வாசனை. முதல் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில் தன் கதவுக்கு முன்னால் நின்றார். உள்ளே கரண்டிகள், கோப்பைகள், பூஸ் இல்லாத மற்ற எல்லோருடைய குரல்களும். நடுவில் ஒரு சிரிப்பு. தொண்டை அவருடையது. சிரிப்பு அவருடையதில்லை. தட்டக் கை தூக்கினார். தட்டினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு பேரையும் பார்ப்பார்கள். யார் வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள்.

கையை இறக்கினார்.

மேல்வீட்டுக்குப் பதினாறு படிகள். பன்னிரண்டாவது படிக்குப் பிறகு மெழுகு வாசனை இல்லை. பதின்மூன்றாவதில் கீழே கேட்ட சிரிப்பு இல்லை. பதினான்காவதில் தன் காலடியே கேட்கவில்லை.

கதவு திறந்திருந்தது.

உள்ளே வெளிச்சம். விளக்கு இல்லை, வெளிச்சம் மட்டும். சாம்பல் சுவர். கட்டில் இல்லை. நாற்காலி இல்லை. சுவரோரம் இரண்டு வரிசையாகப் பதினான்கு பேர், கதவைப் பார்த்தபடி. தாடை நேராக. வாய் மூடி. காதுகள் தெரிய. லின்னே முதலில் இருந்தார். முடி ஒழுங்காக வாரியிருந்தது. கழுத்துப்பட்டி அழகாக மடிந்திருந்தது. தோள்கள் அளவாக இருந்தன.

தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை.

யாருக்குமே. அதற்குமேல் தேவைப்படவில்லை, செய்யப்படவில்லை. பதினான்கு ஜோடித் தோள்களும் நிற்கும் ஆளின் உயரத்தில் அந்தரத்தில் நின்றன. அவற்றுக்கு அடியில் அவர் கோடையில் மெழுகிட்ட தரை சுத்தமாக, கால்தடமே இல்லாமல் பளபளத்தது.

இருபத்தெட்டுக் கண்களும் அவரைப் பார்த்தன. இமைக்கவில்லை. பிறகு முன்வரிசை முழுதும், ஒரு சத்தமில்லாமல், ஒரு தலை அகலம் இடப்பக்கம் நகர்ந்தது. இடம் விட்டது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

நெஞ்சுக்குக் கீழே குளிர்ந்தது. குளிர்கூட இல்லை. எதுவுமே இல்லை.

ரோடே மெதுவாகக் குனிந்து தன் காலணிகளைப் பார்த்தார். தரை தெரிந்தது.